அரிசிக்கு ஏசி போட்ட வருஷம்

காரைக்குடியிலிருந்து கோட்டையூர் தாண்டி அறந்தாங்கி ரோட்டில் பஸ் போகும்போது, கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் புதுவயல் வந்துவிட்டது தெரிந்துவிடும். அவித்த நெல் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வரும். அந்த வாசனைக்குள்தான் முப்பது வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். அங்கே ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவன் நான். மெஷின் வந்தால் வேலை போகுமா, கூலி ஏறுமா, பணம் யார் கையில் சேரும் என்று இப்போது ஏஐ-யை வைத்து எல்லோரும் பேசுகிறார்கள். காரைக்குடியில் எம்பிஏ படிக்கும் என் மகளும் பேசுகிறாள். எனக்கு அந்தக் கேள்வி 2009-லேயே வந்துவிட்டது. பதிலில் பாதி, என் கைப்பட எழுதிய கூலிச் சிட்டையிலேயே இருக்கிறது.

அந்த வருஷம்தான் எங்கள் மில்லுக்குக் கலர் சார்ட்டர் வந்தது. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அரிசி மேலிருந்து சரிவான தகட்டில் வழிந்து விழும். விழுகிற அந்த இமைப்பொழுதுக்குள் கேமரா ஒவ்வொரு மணியையும் பார்த்துவிடும். கருப்போ பழுப்போ கல்லோ தட்டுப்பட்டால், நேரே இருக்கும் சிறு துளையிலிருந்து காற்று 'டிக்'கென்று அடித்து அந்த ஒரு மணியை மட்டும் தள்ளிவிடும். ஆயிரம் டிக் சேர்ந்தால் தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி இருக்கும். அதற்குத் தூசி ஆகாது, சூடு ஆகாது. அதனால் கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை கட்டி, உள்ளே ஏசி மாட்டினார்கள்.

அதுவரை அந்த வேலையைச் செய்தவர்கள் பதினெட்டுப் பெண்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சொளகை மடியில் சாய்த்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை பொறுக்குவார்கள். கூரையில் ஒரு ஃபேன் உண்டு. போட்டால் தவிடு பறக்கும் என்று அதைப் போட விடமாட்டார்கள். ஏசி ஓட ஆரம்பித்த அன்று, அவர்களில் மூத்த அக்கா ஒருத்தர் அந்தக் கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, அடுத்த பிறவியில அரிசியாப் பொறந்துறலாம் போலருக்கே" என்றார். எல்லோரும் சிரித்தோம். அடுத்த மாதம் அவர்களில் பதினைந்து பேர் வேலைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. பெயர்ப்பட்டியல் எழுதிக் கொடுத்தது நான்.

மெஷினே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் அம்மா இதே ஊரில் களத்து வேலை பார்த்தவர். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, உச்சி வெயிலில் காலாலேயே கிளறிக்கொண்டு நடக்க வேண்டும். மழை மேகம் தெரிந்தால் ஓட்டமாக ஓடிக் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். அம்மாவின் பாதம் கடைசிவரை வெடிப்பாகவே இருந்தது. டிரையர் வந்து அந்த வேலையை ஒழித்தது. அது ஒழிந்ததற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. களத்தில் கிடைத்த கூலி எங்கே போனது என்பதுதான் வேறு விஷயம்.

கணக்குப் படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பேரேட்டில் பற்று விழுந்தால், இன்னொரு பேரேட்டில் வரவு இருந்தே ஆக வேண்டும். பதினைந்து பேருடைய கூலி போயிற்று. அப்படியானால் யாருக்கு வந்தது? முதலாளி மிச்சம் பிடித்துவிட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

அப்போது ஒருவருக்குத் தினக்கூலி 90 ரூபாய். பதினைந்து பேர், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 4,05,000 ரூபாய். மெஷின், கம்ப்ரசர், அறை, ஏசி எல்லாம் சேர்த்து 28 லட்சம் ஆகியிருந்தது. பாங்கு வட்டி 12 சதவீதம், வருஷத்துக்கு 3,36,000. ஆக, மிச்சம் வெறும் 69,000. அதைக் கம்ப்ரசரின் கரண்ட் பில்லே தின்றுவிடும். கூலி மிச்சத்துக்காக அந்த மெஷினை வாங்கியிருந்தால் முதலாளி தலையில் துண்டு போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு ஏன் வாங்கினார்? சென்னை மொத்த வியாபாரிகள் 'சார்டெக்ஸ் அரிசிதான் வேண்டும்', அதாவது கலர் சார்ட்டரில் ஓட்டிய அரிசிதான் வேண்டும், என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கருப்பு இல்லாத அரிசிக்கு 25 கிலோ மூட்டைக்கு 20 ரூபாய் கூடக் கிடைத்தது. நாளைக்கு 400 மூட்டை போனால் 8,000 ரூபாய். அந்தப் பதினைந்து பேரின் ஒரு நாள் கூலி மொத்தம் 1,350. அதாவது அவர்களுடைய கிட்டத்தட்ட ஆறு நாள் கூலியை அந்தப் 'பளிச்' ஒரே நாளில் சம்பாதித்தது. வேலை பறிபோக ஆள் கூலி அதிகமாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். வாங்குகிறவர் கேட்கும் சுத்தம் கையால் எட்டாத இடத்துக்குப் போய்விட்டால் போதும். 'குறைந்த கூலிக்குத்தானே வேலை பார்க்கிறோம், நம்மை யார் எடுக்கப் போகிறார்கள்' என்று இன்றைக்கும் பலர் தைரியமாக இருக்கிறார்கள். பாவம்.

அந்த 20 ரூபாயும் நிற்கவில்லை. முதல் வருஷம் எங்களுக்கு அமோகம். இரண்டாம் வருஷம் பக்கத்து மில்லில் வாங்கினார்கள். நாலாம் வருஷம் சுற்று வட்டாரத்தில் சார்ட்டர் இல்லாத அரிசியைக் கடைக்காரர் தொடுவதில்லை என்றாகிவிட்டது. எல்லாரும் பளிச்சென்று ஆனபின் பளிச்சுக்கு என்ன விலை? முதலில் வாங்கியவர் கடனை அடைத்துவிட்டார். கடைசியில் வாங்கியவர்களுக்கு வட்டி மட்டும்தான் மிஞ்சியது. அவர்களில் சிலர் மில்லையே குத்தகைக்கு விட்டுவிட்டார்கள்.

வரவு எங்கே என்று தேடிக்கொண்டே போனேன். கடைசியில் அதை என் வீட்டு அடுக்களையில்தான் கண்டுபிடித்தேன். என் மனைவி உலை வைக்குமுன் அரிசியைச் சொளகில் கொட்டிக் கல் பொறுக்குவாள். அது நின்று பல வருஷம் ஆகிறது. கேட்டால், "இப்ப யாருங்க அரிசி பொறுக்குறா?" என்கிறாள். நாடு முழுக்க அடுக்களையில் மிச்சமான அந்தப் பத்து நிமிஷம் பெரிய வரவுதான். ஆனால் அதைப் பெற்றவர்கள் கோடிக்கணக்கானவர்கள், ஆளுக்குத் துளி. பற்று விழுந்தது பதினைந்து பேரின் தலையில், முழுசாக. இந்த இரண்டையும் நேர் செய்யும் பேரேடு யாரிடமும் இல்லை.

இனிச் சொல்வது எனக்கு வெட்கமான விஷயம். அந்தப் பெண்களில் சிலர் எட்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். ஒரே வருஷத்தில் 240 நாள் வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால், பணி செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் என்று 1947-ஆம் வருஷத் தொழிற்தகராறு சட்டத்தில் இருந்தது. எட்டு வருஷத்துக்கு 120 நாள். 90 ரூபாய் வீதம் 10,800. அவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை. யாரும் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்திருந்தும் நான் சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிறவன் வாய் அப்படித்தான் கட்டுப்பட்டிருந்தது. அவர்கள் 240 நாள் வந்ததற்கு ஒரே அத்தாட்சி என் சிட்டை. அவர்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அதனால் இப்போது தினக்கூலிக்குப் போகிற எவரிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: கூலியைக் கையில் வாங்காதீர்கள், பாங்கு கணக்கில் போடச் சொல்லுங்கள். மறுத்தால், வந்த நாளையாவது காலண்டரில் குறித்து மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்குங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்து அரசு தரும் இ-ஷ்ரம் அட்டை எடுத்து வையுங்கள். 2020-இல் வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் இன்னொன்று இருக்கிறது. ஆட்குறைப்பு செய்யும் முதலாளி, வேறு தொழில் கற்றுக்கொள்வதற்கான நிதிக்கு ஆளுக்கு 15 நாள் சம்பளம் கட்ட வேண்டும். பதினைந்து நாளில் என்ன தொழில் கற்க முடியும் என்று கேட்காதீர்கள். அதை வாங்கவும் நீங்கள் வேலை பார்த்ததற்கு ஆதாரம் வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மெஷின் மாட்டக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து பத்து நாள் தங்கியிருந்தார். அந்தப் பத்து நாளும் அவர் பின்னாலேயே சுற்றியவன், பத்தாவது ஃபெயிலான ஒரு பையன். ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான், டீ வாங்கி வந்தான், கேள்வி கேட்டான். இன்றைக்கு நாலு மில்லுக்கு அவன்தான் சார்ட்டர் ஆபரேட்டர். என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறான். ஒரு மெஷின் வந்திறங்கும் முதல் பத்து நாள் போல மலிவான பள்ளிக்கூடம் வேறு கிடையாது. வேலைக்குப் புதுசு வரும்போது ஒதுங்கி நிற்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். நானும் அப்படி நின்றவன்தான்.

ஆனால் கிட்டே போனவர்கள் எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மெஷின் தள்ளிவிடும் அரிசித் தட்டை அந்த மூத்த அக்கா எட்டிப் பார்த்தார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, "தம்பி, பாதி நல்ல அரிசியில்ல போகுது?" என்றார். டெக்னீஷியன் நம்பவில்லை. எண்ணிப் பார்த்தார்; அக்கா சொன்னது சரி. பிறகு இரண்டு நாள் அவர் திருக, அக்கா பார்க்க, இன்னும் திருக, இன்னும் பார்க்க என்று ஓடியது. மெஷினுக்குக் கண் திறந்து வைத்தது அந்த அம்மாள்தான். அந்த இரண்டு நாளுக்கும் கூலி 90, 90 ரூபாய். சிட்டையில் நான்தான் எழுதினேன். இப்போது ஏஐ-க்கு ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து படம் படமாக 'இது சரி, இது தப்பு' என்று சொல்லிக் கொடுக்கிறார்களாம். மகள் சொன்னபோது எனக்கு அந்தக் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. உங்கள் வேலையின் பக்குவத்தை ஒரு மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொன்னால், அது தனி வேலை. அதற்குத் தனி விலை பேசுங்கள், சொல்லிக் கொடுப்பதற்கு முன்பு.

பதினைந்து பேரும் எங்கே போனார்கள்? பாதிப் பேர் நூறு நாள் வேலைக்கு. அந்தத் திட்டம் 2006-இல் முதல் கட்டமாக வந்த மாவட்டங்களில் சிவகங்கையும் ஒன்று. அது இருந்ததால்தான் மில்காரர்கள் மிச்சமிருந்த பெண்களின் கூலியைக் குறைக்க முடியவில்லை. அதற்குக் கீழே கொடுத்தால் யாரும் வரமாட்டார்கள். இரண்டு பேர் காரைக்குடியில் பலகாரம் செய்யும் இடத்தில் கைமுறுக்குச் சுற்றப் போனார்கள். மெஷின் முறுக்கு வந்தபின் கைமுறுக்குக்கு மவுசு கூடித்தான் இருக்கிறது. ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான். அதே பூவை அச்சடித்த மெஷின் டைல்ஸ் கடையில் கிடைக்கிறது. ஆனாலும் கண்ணாடி மேல் சாயம் ஊற்றிக் கையால் செய்த கல்லைத் தேடி வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் 'கைவேலைக்கு என்றும் மதிப்புண்டு' என்று மேடையில் பேசுகிறவர்கள் எத்தனை பேருக்கு என்று சொல்வதில்லை. இரண்டு பேருக்கு இருந்தது. பதிமூன்று பேருக்கு இல்லை.

2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானது. அதற்குமுன் காரைக்குடி போய்வரும் பஸ் காசை யோசித்து உள்ளூரிலேயே கிடைத்ததற்குப் போனவர்கள், அதன்பின் தைரியமாகக் கோட்டையூர், காரைக்குடி என்று வேலை தேடினார்கள். பயிற்சி வகுப்பு நடத்தியவர்களைவிட அந்தப் பஸ் அதிகம் செய்தது என்பது என் அபிப்பிராயம்.

நாலு பேர் சேர்ந்து மகளிர் குழுக் கடனில் மாவு அரைக்கும் மெஷினும் வறுக்கும் மெஷினும் வாங்கினார்கள், 2013-இல். கணக்குப் போட்டுக் கொடுத்தது நான்தான். பழைய பாவத்தைக் கழுவுகிற நினைப்பு. அதிலும் ஒரு ஓட்டை விட்டேன். மும்முனை மின்சாரம் வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. இணைப்பு வர மூன்று மாதம் ஆயிற்று. மெஷின் சும்மா நின்றது, வட்டி நிற்கவில்லை. ஒருத்தர் நகையை அடகு வைத்துவிட்டு விலகிக்கொண்டார். மூன்று பேர் இன்னும் நடத்துகிறார்கள். பலகாரக் கடைகளுக்கு முறுக்கு மாவு, வீடுகளுக்குச் சத்துமாவு. பெரிய பணம் இல்லை. ஆனால் போன வருஷம் வறுக்கும் மெஷினை மாற்றிப் பெரிதாக வாங்கியபோது வேலை பாதியாகக் குறைந்தது. யாரும் வேலை இழக்கவில்லை. மத்தியானமே வீட்டுக்குப் போகிறார்கள். மெஷின் யாருடையது என்பதில்தான் அந்த வித்தியாசம்.

என் கதையும் இதேதான். நான் சேர்ந்தபோது கணக்கில் நாலு பேர். சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று நோட்டில் எழுதினோம். டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் வந்து இரண்டு பேர் போனார்கள். 2017-இல் ஜிஎஸ்டி, அடுத்த வருஷம் சரக்கு வண்டிக்கு இ-வே பில் என்று வந்தபோது இன்னொருவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. இப்போது நான் மட்டும். நாலு ஆள் வேலை, ஒன்றரை ஆள் சம்பளம். நூறு வருஷத்தில் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வேலை பார்த்தால் போதும் என்றாகிவிடும் என்று கெயின்ஸ் என்ற பொருளாதார மேதை 1930-இல் எழுதினாராம். மகள் படித்துச் சொன்னாள். அவர் சொன்ன அளவுக்கு இல்லாவிட்டாலும் எங்கள் மில்லில் மொத்த வேலை நேரம் குறைந்தது நிஜம். பங்கு பிரித்ததில்தான் கோளாறு. அக்காமாருக்குப் பூஜ்யம், எனக்கு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்.

என்னை இன்னும் வைத்திருப்பதற்குக் காரணம் என் கையெழுத்து அழகு அல்ல. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத வரி என்று வந்தது. சாஃப்ட்வேர் அன்று காலையே 5 சதவீதத்தைக் கூட்டிக் காட்டியது. அது அதன் வேலை. ஒரு கிலோ கூடப் போட்டு 26 கிலோ மூட்டையாக்கினால் வரி இல்லை என்பது வியாபாரத்தில் ஊறியவர்களுக்குத்தான் தோன்றியது. கடைகளில் இன்று 26 கிலோ மூட்டை கிடப்பதற்குக் காரணம் இதுதான். பழைய பையை என்ன செய்வது, சாக்குக்காரரிடம் என்ன பேசுவது, எந்தக் கடைக்காரர் கோபப்படுவார் என்பதெல்லாம் என் தலையில் இருந்தது. எழுதுகிற வேலை போகும். எதற்கு எழுதுகிறோம் என்று தெரிந்தவனுக்குக் கொஞ்சம் தவணை கிடைக்கும். தவணைதான், பட்டா இல்லை.

எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், பர்மாவில் ஒரு செட்டியார் லேவாதேவிக் கடையில் சமையலாள். கடையைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்டுக்குச் சம்பளத்தோடு லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. சமையலாளுக்குச் சம்பளம் மட்டும். 1930-களில் அரிசி விலை சரிந்தபோது கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளின் நிலம் கடைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதம் நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-இல் 25 சதவீதம். விலை சரியும்போது சொத்து, பத்திரம் வைத்திருப்பவர் பக்கம் நகர்ந்துவிடும். ஐயாவும் கெட்டிக்காரர், சம்பளத்தை அதே கடையில் தவணை வட்டிக்குப் போட்டு வைத்தார். 1942-இல் குண்டு விழுந்தது. நடந்தே இந்தியா வந்தார். தவணைப் பணம் அங்கேயே போயிற்று. நிலம் வைத்திருந்தவர்களுக்கும் பின்னால் அதே கதிதான்.

ஐயாவிடமிருந்து எனக்கு இரண்டு பாடம். கூலியில் ஒரு பங்கை முதலாக மாற்று. ஆனால் சம்பளம் தருகிற இடத்திலேயே முதலையும் போட்டு வைக்காதே. 2016-லிருந்து மாதம் 2,000 ரூபாய் இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது பல பெரிய கம்பெனிகளின் பங்கைச் சேர்த்து வாங்கும் ஃபண்டில், போடுகிறேன். மெஷின் வைத்திருக்கும் கம்பெனிகளில் எனக்கும் ஒரு நூலிழை இருக்கட்டும் என்றுதான். 90 ரூபாய் கூலிக்காரரிடம் போய் இதைச் சொல்ல எனக்குக் கூச்சம். முதல் போட முதலில் மிச்சம் வேண்டுமே. மூத்த அக்காவுக்கு 2023 செப்டம்பரில் அரசாங்கத்தின் மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் வர ஆரம்பித்தது. "பொறுக்காமலே வர்ற காசு தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். அதில் பாதியை மாவு மெஷின்காரர்களிடம் சீட்டுக் கட்டுகிறார்.

செட்டிநாட்டு வியாபாரத்தில் மகமை என்று ஒன்று உண்டு. நடக்கிற வியாபாரத்தில் ஒரு சிறு துளியைக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்து வைப்பது. அதைக் கணக்கில் செலவாக எழுதுவார்கள். லாபம் வந்தால் பார்க்கலாம் என்று விடுவதில்லை. மெஷினுக்கு வரி போடலாமா என்று டிவியில் விவாதம் வரும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

போன மாதம் சின்ன முதலாளி ஒரு கொட்டேஷனை என் மேஜையில் வைத்தார். மூட்டை நிறுத்து, தைத்து, அடுக்கிவிடும் மெஷின். லோடுமேன் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். எத்தனை வருஷத்தில் முதல் திரும்பும் என்று போட்டுத் தரச் சொன்னார். போட்டேன். வட்டி, கரண்ட், பராமரிப்பு எல்லாம் எழுதிவிட்டு, கீழே இரண்டு வரி சேர்த்தேன். ஒன்று, பன்னிரண்டு பேருக்கும் வருஷத்துக்குப் பதினைந்து நாள் வீதம் சட்டப்படி சேர வேண்டிய தொகை. இரண்டாவது, 'மகமை, மூட்டைக்கு 50 காசு, மூன்று வருஷம், ஆட்கள் வேறு தொழில் கற்க'.

"இது என்னண்ணே புதுசா?" என்றார்.

"பழசுதான்" என்றேன்.

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தார். அடிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. "சரி, இருக்கட்டும்ணே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். தாள் இன்னும் என் டிராயரில் இருக்கிறது.